நுணாப் பழமும் விஷத்தை வென்ற சிற்றீயும்

செடிகொடிகள் ஓடவும் ஒளியவும் இயலாதவை. ஆயினும் தம்மைத் தின்ன வரும் பூச்சிகளின் முன் அவை நிராதரவாக நிற்பனவல்ல. பால், பிசின், கசப்பு, காரம், நெடி முதலிய பல உருவங்களில் அவை விஷத்தைத் தம்முள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. வேம்பின் கசப்பும், எருக்கின் பாலும், புகையிலையின் நிக்கோட்டினும், கடுகின் காரமும் மனிதனுடைய உபயோகத்தை முன்னிட்டு உண்டானவையல்ல. இலையையும் விதையையும் பூச்சிகளிடமிருந்து காப்பதே அவற்றின் முதல் வேலையாகும். இருந்தும், ஆடுமாடுகள் தொடாத எருக்கை, மஞ்சளும் நீலமும் கலந்த வெட்டுக்கிளி மொட்டையடித்து விடுவதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். மற்றப் பூச்சிகளை விலக்குவதற்குப் பயன்படும் வேம்பின் இளந்தளிரைத் தேயிலைக்கொசு என்னும் பூச்சி உறிஞ்சிக் கருகச் செய்கிறது.

பல பிராணிகளைக் கொல்லும் விஷம் ஒரு பிராணிக்கு மட்டும் உணவாவது எவ்வாறு? இக்கேள்வி படிப்பாளிகளுக்கு மாத்திரம் உரியதன்று. செடியின் விஷத்தை வெல்லும் பூச்சி எந்த வழியில் அதை வெல்லுகிறதோ, அதே வழியில்தான் குடியானவர் தெளிக்கும் மருந்தையும் வெல்லுகிறது. ஆதலால் அவ்வழியை அறிந்துகொள்வது தோட்டக்காரருக்கும் பிரயோஜனமுள்ளதாகும். இவ்விஷயத்தில் மிகவும் நுணுக்கமாக ஆராயப்பட்டிருப்பது சீஷெல்ஸ் தீவுகளில் நுணாப் பழத்தை உண்டு வாழும் ஒரு சிற்றீயின் சரித்திரம். அதனை ஈண்டு விவரிப்போம்.

இரு வகைப் பழ ஈக்கள்

பழ ஈ என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இரண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. மாங்காய், கொய்யா, பாகல், பீர்க்கு முதலியவற்றைக் கெடுப்பவை ஒரு குடும்பம். இவற்றின் பெண் ஈக்கள் வயிற்றின் நுனியிலுள்ள ஊசி போன்ற உறுப்பினால் நல்ல காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, பின் தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும்.

மற்றொரு குடும்பம், கனிந்து அழுகும் வாழைப்பழத்தின் மீதும் புளித்த கள்ளின் மீதும் மொய்க்கும் மிகச் சிறிய ஈக்கள். இவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. சாஸ்திர நூல்களில் டிரோசொபிலா எனப்படும். நல்ல பழத்தைத் துளைக்கும் ஆற்றல் இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு இல்லை. பழம் புளிக்கும்போது உண்டாகும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்களே இவற்றின் முக்கிய உணவு. இவை பயிருக்கு அதிகச் சேதம் விளைவிப்பனவல்ல. ஆனால் சில நாட்களிலேயே ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை தோன்றுவதாலும், சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்கக்கூடியதாலும், பாரம்பரியக் குணங்களை ஆராய்வோருக்கு இவற்றினும் சிறந்த பிராணி கிடைப்பது அரிது. ஒரு பூச்சி விஷத்தைத் தாங்கப் பழகிய வரலாற்றை ஏறக்குறைய ஒவ்வொரு படியாகக் கண்டறிய முடிந்ததும் இக்குடும்பத்தின் உதவியினாலேயே.

நுணாவும் அதன் விஷமும்

நுணா தமிழ்நாட்டாருக்குப் புதிய மரமன்று. புன்செய் வரப்புகளிலும் தரிசுகளிலும் தானாக வளரும் மஞ்சணத்தியும், கடற்கரைப் பிரதேசங்களில் காணப்படும் பெரிய பழமுள்ள வெண்நுணாவும் நெருங்கிய உறவுள்ளவை. இவற்றின் வேர்ப்பட்டையிலிருந்து சாயம் எடுப்பதும் நெடுங்கால வழக்கம். வெண்நுணாவே இக்காலத்தில் நோனி என்னும் பெயரால் கடைகளில் வழங்குவது. இதன் விதையில் காற்றறை ஒன்று இருப்பதால் அது கடல் நீரில் மிதந்து நெடுந்தூரம் செல்லும். இந்து மகா சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் உள்ள எண்ணற்ற தீவுகளில் இம்மரம் பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதன் காய் முதலில் பச்சையாகவும் கடினமாகவும் இருந்து, பின் வெளிர்மஞ்சளாகி, இறுதியில் மெழுகு போல் வெளுத்துக் குழைந்துவிடும். கனிந்த பழத்தினின்று கெட்டுப்போன வெண்ணெயை ஒத்த கடும் நெடி வீசும். அந்நெடிக்குக் காரணம் இரண்டு கொழுப்பமிலங்கள். கனிந்த பழத்திலிருந்து ஆவியாக எழும் பொருள்களை 1996-ஆம் வருஷத்தில் ஆராய்ந்தவர்கள், அவற்றில் நூற்றுக்கு 58 பங்கு ஆக்டனாயிக் அமிலம் என்றும், 19 பங்கு ஹெக்சனாயிக் அமிலம் என்றும் கண்டனர். இவ்விரண்டும் வேறிடங்களிலும் உள்ளவையே. ஆட்டுப்பாலின் தனி மணத்திற்கு இவ்வகை அமிலங்களே காரணம். தேங்காயெண்ணெயிலும் ஆக்டனாயிக் அமிலம் கொழுப்போடு கட்டுண்ட நிலையில் இருக்கிறது. மனிதர் அன்றாடம் உண்ணும் பொருளே ஆயினும், நுணாப் பழத்தில் கட்டற்ற நிலையில் செறிந்திருக்கும்போது அது சிற்றீக்களுக்குக் கொடிய விஷமாகிவிடுகிறது. சாதாரணச் சிற்றீ ஒன்று கனிந்த நுணாப் பழத்தின் மீது அமர்ந்தால், சிறிது நேரத்தில் கால்கள் தடுமாறி, செயலற்று விழுந்து மடியும். இதைத் தின்ன வேண்டுமென்பதுகூட இல்லை. உடலில் பட்டாலே போதுமானது.

சீஷெல்ஸ் தீவுகளின் ஈ

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கருக்கு வடகிழக்கே, இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் சீஷெல்ஸ் தீவுகள் இருக்கின்றன. அங்கு மட்டுமே வாழும் ஒரு சிற்றீயை 1981-ஆம் வருஷத்தில் சாகாஸ், பேக்லி என்னும் இருவர் தனி இனமாக வர்ணித்து, தீவுகளின் பெயரையே அதற்கு இட்டனர். டிரோசொபிலா சீசெல்லியா என்பது அதன் பெயர். உலகெங்கும் பரவியுள்ள சிமுலான்ஸ் என்னும் சிற்றீயே இதற்கு மிக நெருங்கிய உறவினம். இரண்டின் முன்னோர்களும் சுமார் இரண்டரை லட்சம் வருஷங்களுக்கு முன் பிரிந்திருக்க வேண்டுமென்று கணக்கிடப்பட்டிருக்கிறது. உருவத்தில் இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எளிதன்று. உணவில் உள்ள வேற்றுமையோ பெரிது. சிமுலான்ஸ் அழுகும் பழம் எதிலும் முட்டையிடும். சீசெல்லியா ஏறக்குறைய நுணாப் பழத்தில் மட்டுமே முட்டையிட்டு வளர்வதாக 1986-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களான லூயியும் டேவிடும் அறிவித்தனர்.

இதனால் இவ்வீக்கு விளையும் ஆதாயம் யாது? நுணாப் பழத்தின் விஷம் கனிந்தவுடன் உச்சநிலையில் இருந்து, பழம் நன்றாக அழுகியபின் குறைந்துபோகிறது. அப்பொழுது மற்றச் சிற்றீக்களும் அப்பழத்திற்கு வந்து முட்டையிடுகின்றன. ஆனால் அதற்கு முன்னதாகவே, பழம் கனிந்து விழுந்த முதல் நாட்களிலேயே, சீசெல்லியா அங்கே குடியேறிவிடுகிறது. போட்டியிட வேறு ஈக்கள் இல்லாத பந்தியில் முதலில் அமர்ந்து உண்பதற்கு இது ஒப்பாகும். ஒரு சிறு தீவில் பழங்களும் பருவங்களும் அளவுபட்டவை. அங்கே வருஷம் முழுவதும் காய்க்கும் ஒரு மரத்தின் கனி பிறருக்கு எட்டாமல் தனக்கே கிடைப்பது பெரும் செல்வமேயாம்.

தாங்கும் சக்தி

சீசெல்லியா நுணாப் பழத்தில் வாழ்வதற்கு மூன்று விஷயங்கள் அவசியமாயின. விஷத்தைத் தாங்கும் சக்தி முதலாவது. பிற ஈக்கள் வெறுக்கும் நெடியை நாடிச் செல்லும் மோப்பம் இரண்டாவது. அப்பழத்தைக் கண்டவுடன் தாராளமாக முட்டையிடும் இயல்பு மூன்றாவது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டினாலும் பயனில்லை. விஷத்தைத் தாங்க வல்லதாயினும் அந்நெடியைக் கண்டு விலகி ஓடும் ஈ அப்பழத்தை அடையாது. நெடியை விரும்பியும் தாங்கும் சக்தியற்ற ஈயோ தன் விருப்பத்தினாலேயே மடியும்.

தாங்கும் சக்தி எங்கிருந்து வந்தது என்று அறிவதற்கு ஒரு வசதி ஏற்பட்டது. சீசெல்லியாவும் சிமுலான்சும் சோதனைச்சாலையில் ஒன்றோடொன்று சேரும். அக்கலப்பில் பிறக்கும் ஆண்கள் மலடாயினும் பெண்கள் முட்டையிட வல்லவை. அப்பெண்களை மீண்டும் ஏதேனும் ஒரு பெற்றோர் இனத்துடன் சேர்த்தால், பாரம்பரியக் கூறுகள் பலவிதமாகக் கலந்த சந்ததிகள் கிடைக்கும். அவற்றை நுணாவின் விஷத்தில் சோதித்துப் பிழைத்தவை எவை, மடிந்தவை எவை என்று பிரித்தறிவதால், தாங்கும் சக்தி எந்தக் குரோமோசோமில் அமைந்தது என்று காணலாம். 1991-ல் டேவிடும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், கலப்பில் பிறந்த முதல் தலைமுறை ஈக்கள் விஷத்தைத் தாங்கின. அதாவது தாங்கும் சக்தி மேலோங்கும் குணமாக இருந்தது. அதன்பின் 1998 முதல் அமெரிக்காவில் கார்பின் ஜோன்ஸ் என்பவர் செய்த பரிசோதனைகளால், இச்சக்தி ஒரே ஜீனால் வந்ததன்று என்றும், குறைந்தது ஐந்து இடங்களிலுள்ள கூறுகள் கூடியே வந்ததென்றும், அவற்றில் மூன்றாவது குரோமோசோமின் ஒரு கைக்கு முக்கிய பங்குண்டென்றும் தெரியவந்தது. 2017-ல் வெளியான ஆராய்ச்சி அவ்விடத்திலுள்ள ஒசைரிஸ் என்னும் ஜீன் கூட்டத்தைச் சுட்டியது. அக்கூட்டத்தின் மூன்று ஜீன்களுடைய வேலையைச் சோதனைச்சாலையில் குறைத்தபோது, ஈக்கள் ஆக்டனாயிக் அமிலத்தைத் தாங்கும் அளவும் மாறியது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பெரும் சக்தி ஒன்று திடீரென வானத்திலிருந்து இறங்கி இவ்வீயைக் காக்கவில்லை. சிறு சிறு மாறுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றே அதிகமாகத் தாங்கியவை பிழைத்து முட்டையிட்டன, தாங்காதவை மடிந்தன. விஷமே சல்லடையாக நின்று, தன்னை வெல்லத்தக்கவற்றைச் சலித்தெடுத்துக் கொடுத்தது.

மோப்பத்தின் மாறுதல்

பூச்சியின் மூக்கு அதன் உணர்கொம்புகளில் அமைந்துள்ளது. அவற்றின்மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் பல உள. ஒவ்வொரு வகை மயிரிலும் குறிப்பிட்ட சில வாசனைகளை மட்டும் ஏற்கும் நரம்புகள் இருக்கும். சீசெல்லியாவின் உணர்கொம்பில் நுணாவின் வாசனைப் பொருள்களை ஏற்கும் ஒரு வகை மயிர்கள் அதன் உறவினங்களில் உள்ளதைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு பெருகியிருப்பதை 2006-ல் கண்டறிந்தனர். ஹெக்சனாயிக் அமிலத்தை உணரும் மற்றொரு வாயிலும் இவ்வீயில் புதிதாக அமைந்தது. உறவினங்களில் வேறு அமிலத்தை உணர்வதற்கு இருந்த அவ்வாயிலே சில சிறு மாறுதல்களால் இவ்வாறு திரிந்ததென்று 2017-ல் விளக்கப்பட்டது. 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், நுணாவின் வாசனையை ஏற்கும் வாயில்களில் முக்கியமான ஒன்றைச் சீசெல்லியாவிலிருந்து நீக்கியபோது, அவ்வீ தொலைவிலிருந்து பழத்தை நாடிச் செல்லும் இயல்பை இழந்தது.

தொலைவில் வழிகாட்டுவது மூக்கு. பழத்தின்மேல் அமர்ந்தபின் முடிவு செய்வது சுவை. ஈக்கள் கால்களாலும் சுவையறிவன. கால்களில் இயங்கும் இரண்டு புரதங்கள், அமிலமுள்ள இடத்தில் முட்டையிடலாமா கூடாதா என்று தேர்வதில் பங்கு கொள்வதை ஜப்பானியர் 2007-ல் நிரூபித்தனர். சாதாரணச் சிற்றீயிலிருந்து அப்புரதங்களுக்குரிய ஜீன்களை நீக்கியவுடன் முட்டையிடும் இடத்தைப் பற்றிய அதன் விருப்பு வெறுப்பு மாறிவிட்டது. விஷத்தை உணர்த்தும் எச்சரிக்கையே இவ்வீக்கு அழைப்பாகத் திரிந்துவிட்டதென்று இதனால் விளங்கும்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

இவ்வளவு ஆதாயத்திற்கும் இவ்வீ விலை கொடுக்காமலில்லை. முதலாவது, இதன் பெண்களில் முட்டை உருவாகும் குழல்கள் சிமுலான்சில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. முட்டைகள் பெரியவை, ஆனால் எண்ணிக்கை குறைவு. இரண்டாவது, நுணாவைத் தவிர வேறொன்றும் தேட வேண்டாத காரணத்தால், மற்ற வாசனைகளையும் சுவைகளையும் உணரும் ஜீன்கள் ஒவ்வொன்றாகக் கெட்டு வருகின்றன. சிமுலான்சைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் இவ்விழப்பு நடைபெறுவதாக 2007-ல் கணக்கிட்டனர். பயன்படுத்தாத கருவி துருப்பிடிப்பது போன்றதே இது.

மூன்றாவது விலை எல்லாவற்றிலும் வியப்பானது. முட்டை வளர்வதற்கு டோபமைன் என்னும் பொருள் ஈயின் உடலில் தேவை. அதைச் செய்வதற்கு வேண்டிய ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஜீன் சீசெல்லியாவில் பழுதுபட்டுவிட்டது. ஆதலால் வேறு உணவில் வளரும் பெண் ஈக்களில் முட்டைகள் நடுவிலேயே வளர்ச்சி நின்றுபோகின்றன. நுணாப் பழத்திலோ டோபமைனுக்கு மூலப்பொருளாகிய எல்-டோபா இருக்கிறது. பூனைக்காலி விதையிலிருந்து கிடைத்து, நடுக்கு வாதத்திற்கு மருந்தாக வழங்கும் பொருளும் இதுவே. இப்பழத்தை உண்டவுடன் ஈயின் குறை நிரம்பி, முட்டைகள் வளர்ந்து பருக்கின்றன. ஜெர்மனி தேசத்தில் நடந்த இவ்வாராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. சிமுலான்ஸ் ஈயை முட்டையிடவொட்டாமல் தடுக்கும் அதே பழம், சீசெல்லியாவை முட்டையிடத் தூண்டுகிறது. விஷத்தை வென்ற ஈ, வென்ற விஷமுள்ள மரத்திற்கே அடிமையாயிற்று. நுணா இல்லாத இடத்தில் அதன் குலம் தழைப்பது அரிது.

இரண்டாம் முறையும் நிகழ்ந்தது

சீஷெல்சில் நடந்தது தற்செயலான ஒரு விந்தை என்று எண்ணுவதற்கில்லை. ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையிலுள்ள கொமொரோ தீவுக் கூட்டத்தில் மயோட் என்பது ஒரு தீவு. ஆப்பிரிக்காவில் பலவிதப் பழங்களிலும் வளரும் யாகுபா என்னும் வேறொரு சிற்றீ, மயோட் தீவில் நுணாப் பழத்தையே நம்பி வாழ்வதும், அதன் விஷத்தைத் தாங்குவதும் 2016-ல் அறிவிக்கப்பட்டன. யாகுபா சீசெல்லியாவிற்குத் தூரத்து உறவே. ஆகவே இரு ஈக்களும் ஒன்றிடமிருந்து ஒன்று பெறாமல், தனித்தனியே இத்திறமையை அடைந்தன. அவகாசமும், போட்டியில்லாத உணவு என்னும் ஆதாயமும் இருக்குமானால், பூச்சிகள் இவ்வழியில் மீண்டும் மீண்டும் செல்லும் என்பதற்கு இது சாட்சி.

துணைவரைக் கொண்டு வெல்லும் ஒலிவ ஈ

விஷத்தை வெல்லுவதற்குத் தன் உடலையே மாற்றிக்கொள்ள வேண்டுமென்பதில்லை. பிறர் துணையைக் கொண்டும் வெல்லலாம். மத்தியதரைக் கடற்பிரதேசங்களில் ஒலிவ மரத்தோட்டங்களுக்குப் பெரும் சேதம் விளைவிக்கும் ஒலிவ ஈ, மாங்கனி ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலிவக் காயில் ஒலியூரோபீன் என்னும் கசப்புப் பொருள் நிறைந்துள்ளது. அது புரதங்களோடு பிணைந்து, அவற்றைப் பூச்சிக்குச் செரிக்காதபடி செய்துவிடும். பச்சைக் காயில் இப்பொருள் அதிகம். கனியக் கனியக் குறையும். இருந்தும் ஒலிவ ஈயின் புழு பச்சைக் காயிலும் செழித்து வளர்கிறது.

இவ்வீயின் தலையினுள்ளே ஒரு சிறு பை இருப்பதையும், அதில் பாக்டீரியாக்கள் வாழ்வதையும் இத்தாலிய ஆராய்ச்சியாளர் பெட்ரி 1909-லேயே விவரித்தார். தாய் ஈயிடமிருந்து முட்டையின் வழியாகப் புழுவுக்கு அவை சென்றடைகின்றன. 2015-ல் இஸ்ரேலில் செய்த பரிசோதனையில், இப்பாக்டீரியாக்கள் நீக்கப்பட்ட புழுக்கள் பச்சைக் காயில் வளர முடியாமற் போயின. கனிந்த காயிலோ அவை வளர்ந்தன. அதாவது பச்சைக் காயின் பாதுகாப்பை உடைப்பது ஈயன்று. அதனுள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே. இதனால் ஒரு புதிய வழி திறந்தது. ஈயைக் கொல்லுவதற்குப் பதில் அதன் துணைவரை அழித்தாலும் காய் தப்பும். பாக்டீரியாக்களைக் கொல்லும் தாமிர உப்புக்களை ஒலிவத் தோட்டங்களில் இம்முறையில் பயன்படுத்துவதைப் பற்றியும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

மருந்துகளிலும் இதே கதை

நுணாப் பழம் சிற்றீக்கு எப்படியோ, பூச்சி மருந்து பயிர்ப்பூச்சிக்கு அப்படியே. வேற்றுமை காலத்தில் மட்டுமே. காட்டில் மரமும் பூச்சியும் மோதும் போராட்டம் ஆயிரக்கணக்கான வருஷங்கள் செல்லும். தோட்டத்திலோ ஒரே மருந்து எல்லா மரங்களுக்கும், எல்லாத் தோட்டங்களுக்கும், ஒவ்வொரு பருவத்திலும் இடைவிடாமல் தெளிக்கப்படுவதால், தாங்கும் சக்தியுள்ளவற்றைப் பொறுக்கியெடுக்கும் வேலை மிக விரைவில் முடிந்துவிடுகிறது.

டி. டி. டி. மருந்து வீட்டு ஈக்களுக்கு எதிராகப் பரவலாக வழங்கத் தொடங்கிய சில வருஷங்களுக்குள், 1946-ல் ஸ்வீடன் தேசத்தில் அதைத் தாங்கும் ஈக்கள் தோன்றின. அம்மருந்தைத் தாங்கும் சாதாரணச் சிற்றீக்களை ஆராய்ந்தபோது, விஷத்தைச் சிதைக்கும் பொருளை உண்டாக்கும் ஒரே ஜீன் மிகையாக வேலை செய்வது காரணமென்று 2002-ல் அறியப்பட்டது. இந்தியாவில் பி. டி. பருத்தியின் விஷத்தைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் குஜராத்தில் காணப்பட்டதாக 2010-ல் அறிவிப்பு வெளியாயிற்று. நுணாவின் விஷத்தை வெல்லச் சீசெல்லியாவுக்குப் பல கூறுகள் வேண்டியிருந்தன. ஒரே ஒரு கூறால் வெல்லக்கூடிய மருந்தானால் அதன் ஆயுள் இன்னும் குறுகியதாகும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

இச்சரித்திரத்திலிருந்து பழத்தோட்டக்காரர்களும் காய்கறி பயிரிடுவோரும் கைக்கொள்ளத்தக்க பாடங்கள் சில உள.

முதலாவது, ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளித்தலாகாது. ஒரு மருந்தில் பிழைத்தவற்றின் சந்ததி வேறு வழியில் கொல்லும் மருந்துக்கு இரையாகும்படி, மருந்துகளை மாற்றி மாற்றி உபயோகிக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தாலும் ஒரே வகையைச் சேர்ந்த மருந்துகள் பல கடைகளில் உள்ளன. ஆதலால் புட்டியின் பெயரைப் பாராமல், அதிலுள்ள மருந்தின் வகையை விசாரித்து வாங்க வேண்டும். பூச்சி பலன் தரவில்லை என்று அளவைக் கூட்டுவது, தாங்கும் சக்தி மிகுந்தவற்றை மட்டும் பொறுக்கி விதைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தாங்கும் சக்தியால் வெல்ல முடியாத முறைகளை முதன்மையாகக் கொள்ள வேண்டும். மரத்தடியில் விழுந்த மாங்காய், கொய்யா ஆகியவற்றை நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைத்தல், மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளின் வாயிலும் படும்படி மரங்களுக்கிடையே உழுதல், பாகல் முதலியவற்றின் பிஞ்சுகளுக்குக் காகித உறையிடுதல் ஆகியவற்றிற்கு எதிராக எந்த ஈயும் எளிதில் பழகிக்கொள்ளாது. ஆனால் ஒருவர் தோட்டத்தில் மட்டும் இவற்றைச் செய்து, அடுத்த தோட்டத்தில் அழுகல் பழம் குவிந்து கிடந்தால் பயன் குறையும். ஊரார் ஒன்றுகூடிச் செய்வதே சிறந்தது.

மூன்றாவது, ஈயின் மோப்பத்தை அதற்கு எதிராகவே உபயோகிக்கலாம். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலட் என்பவர், மெதில் யூஜினால் என்னும் வாசனைப் பொருளுக்கு மாங்கனி ஈயின் ஆண்கள் கூட்டங்கூட்டமாக வருவதை 1915-ல் வெளியிட்டார். துளசி முதலிய செடிகளில் உள்ள பொருளே இது. இக்காலத்தில் மாந்தோப்புகளில் தொங்கவிடப்படும் ஈப்பொறிகள் அக்கண்டுபிடிப்பின் பயனாகும். பசிபிக் சமுத்திரத்திலுள்ள ரோட்டா என்னும் சிறு தீவில், இவ்வாசனையோடு மருந்து கலந்து பரப்பி, மாங்கனி ஈயை அடியோடு ஒழித்ததாக 1965-ல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு ஈக்கும் மூக்கு வேறு. பாகல், பீர்க்கு ஆகியவற்றைத் தாக்கும் ஈ மெதில் யூஜினாலுக்கு வராது. அதற்குக் கியூலூர் என்னும் வேறு பொருள் வேண்டும். பொறி வாங்குமுன் பயிரையும் ஈயையும் அறிந்து வாங்குவது அவசியம்.

அன்றியும், பொறி ஒன்றையே நம்பியிருத்தலும் தகாது. மெதில் யூஜினாலுக்கு வராத ஆண் ஈக்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தால், அவ்வாசனைக்கு எளிதில் மயங்காத வம்சம் உண்டாகும் என்பதை ஹவாய்த் தீவில் ஷெல்லி என்பவர் 1997-ல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. விஷமாயினும் வாசனையாயினும், இடைவிடாமல் ஒன்றையே உபயோகித்தால் அது சல்லடையாகிவிடும். ஆகவே தூய்மை, உழவு, உறை, பொறி, மருந்து ஆகிய அனைத்தும் சேர்ந்தே பயன் தரும். மருந்து இவற்றுள் கடைசியாகவும், அளவோடும் வர வேண்டும்.

வரப்பிலுள்ள நுணா மரம் தன் விஷத்தை நம்பியிருக்கிறது. கடல் கடந்த தீவுகளில் அவ்விஷத்தையே உணவாக்கிக்கொண்ட ஈ ஒன்று உண்டு. ஒரே காவலை நம்பிய எந்தப் பயிருக்கும், எந்தத் தோட்டத்திற்கும், நாளடைவில் இந்நிலை நேரக்கூடும். காவல் பலவாயின் அவற்றையெல்லாம் ஒருங்கே கடக்கும் பூச்சி தோன்றுவது அரிதினும் அரிது. இதனை மனத்திற்கொண்டு வருகிற பருவத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளை முன்னதாகவே செய்துகொள்ளும் தோட்டக்காரர், தம் பழத்தையும் பணத்தையும் ஒருங்கே காத்துக்கொள்வர்.